வெளக்கு எப்படி வௌக்கு ஆனது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நம்ம கூட்டங்களில் கவிதை பேசுவோம், கதை பேசுவோம், முடிந்ததும் டீக்கடையில் நின்று சண்டை போடுவோம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் வேறு மாதிரி. சாஃப்ட்வேர் எழுதுகிற ஒரு ஆள் அன்றாடம் என்ன வேலை பார்க்கிறார், ஒன்று ஓடாமல் நின்றுவிட்டால் அதை எப்படித் தேடிச் சரி பண்ணுகிறார் என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். "நீ பேங்க் கிளார்க்கு, கவிதை எழுதுறவன், உனக்கு இதுல என்ன சோலி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாம் எழுதியதெல்லாம் இப்போது இயந்திரத்துக்குள் இருக்கிறது. 1990களில் ஈய எழுத்தை அச்சுக்கோத்த காலம் முடிந்து டி.டி.பி. வந்தது. அன்றைக்கு வந்த சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், சின்னச் சின்ன வெளியீடுகள் பலவும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. தாளைக் கரையான் தின்றது. பிளாப்பியில் பூஞ்சை பிடித்தது. தப்பித்து நிற்கிற கோப்புகளை மீட்கிற வேலையை இன்றைக்குச் செய்துகொண்டிருப்பவர்கள் விமர்சகர்கள் அல்ல, பேராசிரியர்கள் அல்ல. பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் உட்கார்கிற சாஃப்ட்வேர்க்காரர்கள். அவர்கள் போடுகிற ஒரு வரி விதி, நம் கதையில் வருகிற ஒரு கிழவியின் பேச்சை மாற்றிவிட முடியும். மாற்றியும் இருக்கிறது. அதனால் நமக்கு இதில் சோலி இருக்கிறது.

முதலில் என் வேலையிலிருந்து ஒரு உதாரணம். கவுண்டரில் தினமும் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "சிஸ்டம் எடுக்கலம்மா." வந்த அம்மாவும் அதை ஒத்துக்கொண்டு போய்விடுவார். மழை பெய்யல, சாமி கண் திறக்கல என்பது போல, சிஸ்டம் எடுக்கல. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஆனால் சிஸ்டம் என்பது வானத்திலிருந்து இறங்கியது இல்லை. எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் விதி எழுதியிருக்கிறார். பல மென்பொருள்களில் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. எழுதியவர் மனதில் இருந்த மனிதனுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டாமல் இருப்பது தமிழ்நாட்டில் சும்மா வந்த பழக்கம் இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, பிறகு பல காலம் பேசிப் பேசிப் பழக்கப்படுத்தியது. அந்த வரலாறு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரு இடத்தில் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போடுகிறார்கள். இன்னொரு இடத்தில் அப்பா பெயரை முழுசாகப் போடுகிறார்கள். வேறொரு இடத்தில் வெறும் புள்ளி வைக்கிறார்கள். பிறகு ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒப்பிடுகிற நிரல் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்கிறது. 100 நாள் வேலைக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கினார்கள் அல்லவா, அப்போது இந்தப் பொருந்தாமை என்பது ஒரு ஆளின் கூலி.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு விதியும் யாரையோ மனதில் வைத்து எழுதப்படுகிறது. மனதில் இல்லாத ஆள் வந்து நிற்கும்போது அது உடைகிறது. உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தால், யாரை நினைக்கவில்லை என்று தெரியும். சாஃப்ட்வேர்க்காரர்கள் இதை "பக்" என்கிறார்கள். பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற இயந்திரத்தில், ரிலேக்குள் மாட்டியிருந்த ஒரு விட்டில்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல் அதற்கும் முந்தியது. எடிசன் 1878லேயே தன் கடிதத்தில் அதை எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய பிழைகள் பூச்சி மாதிரி வெளியிலிருந்து பறந்து வருவதில்லை. நாமே எழுதியதுதான்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை என்றால் விடிய விடியப் புதுசு புதுசாக எழுதித் தள்ளுவது என்று நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "பாதி நாள் படிக்கிறதுதாண்ணே. வேற யாரோ எப்பவோ எழுதினதப் படிச்சு, இவன் ஏன் இப்படி எழுதினான்னு யோசிக்கிறது." கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. இது விமர்சகன் வேலை இல்லையா?

அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பழைய சிற்றிதழ்க் கோப்புகளை இன்றைய யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த வேலையில் பார்த்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால் குப்பை மாதிரி தெரியும். அதில் மூன்று வகை உண்டு. வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி, எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வகை, ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாக நிற்பது. இது பழைய எழுத்துரு. பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இயந்திரத்தைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் போர்வை போய்விடும். இது பயப்பட வேண்டிய வகை இல்லை. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிவிடலாம்.

இரண்டாவது வகை, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அதே ஜோடி திரும்பத் திரும்ப. இது நல்ல யூனிகோட்தான். படிக்கிற நிரல் தப்பான கண்ணாடி போட்டுப் படிக்கிறது. கண்ணாடியை மாற்றினால் போதும், தமிழ் வந்துவிடும்.

மூன்றாவது வகை, வெறும் கேள்விக்குறிகள். வரிசையாகக் கேள்விக்குறிகள். யாரோ ஒருவர் தமிழ் தெரியாத பெட்டியில் தமிழைப் போட்டுச் சேமித்திருக்கிறார். பெட்டி தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை. போனது போனதுதான். வேறு பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆக, பார்க்க எல்லாமே குப்பைதான். ஆனால் இரண்டு வகை உயிரோடு இருக்கிறது, ஒன்று செத்துப்போய்விட்டது. "ஒண்ணும் புரியலப்பா, அழிச்சிடு" என்று சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். படிக்க முடியாததெல்லாம் குப்பை இல்லை. நமக்குத் தெரியாத சங்கதியா இது?

ஏன் இத்தனை எழுத்துரு என்று கேட்பீர்கள். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு செய்தார்கள். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்று ஒரு பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1991இல் வந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டை அடியொற்றிய இடம் அது. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் வீட்டுக் கணினியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடையும் டேஸ் 16 என்பதையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. சண்டை நிறைய நடந்திருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம். நமக்கு இப்போது வேண்டியது, நம் இதழ்கள் வந்த காலம் இந்தக் குழப்பத்தின் நட்டநடுவில் இருக்கிறது என்பது மட்டும்.

சரி, எழுத்துரு பெயர் தெரிந்துவிட்டது. இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட்டு மாற்றினால் முடிந்தது அல்லவா? இல்லை. இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

பழைய எழுத்துருக்கள் எழுத்தைக் கண் பார்க்கிற வரிசையில் வைத்தன. "கெ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க. தட்டச்சு மெஷினில் அடித்த மாதிரி. யூனிகோட் வாய் சொல்கிற வரிசையில் வைக்கிறது. முதலில் க, பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். ஆகவே மாற்றுகிற நிரல், கொம்பைப் பார்த்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய்யை எடுத்து, அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். கால் வந்தால் "கொ". ஒன்றும் வராவிட்டால் "கெ". ள வந்தால்?

ள வந்தால் "கௌ". ஏனென்றால் பழைய எழுத்துருவில் ஔகாரத்துக்குத் தனிக் குறி பெரும்பாலும் கிடையாது. முன்னால் கொம்பு, பின்னால் ள எழுத்து. அச்சில் வித்தியாசம் தெரியாது. நம் கண் "கௌரவம்" என்று படித்துக்கொள்ளும்.

இந்த விதியைப் போட்டு ஒரு கட்டுரையை மாற்றினோம். "வெள்ளம்" என்ற சொல் வந்த இடமெல்லாம் வகர ஔகாரமும், அதன் பின்னால் அந்தரத்தில் தொங்குகிற ஒரு புள்ளியும். சில திரைகளில் அந்தப் புள்ளிக்குக் கீழே புள்ளிகளாலான ஒரு வட்டம். "எனக்கு உட்கார எழுத்து இல்லை" என்று புள்ளி சொல்கிறது என்று அர்த்தம். "வெளி" போயிற்று. "தெளிவு" போயிற்று. "ஒளி" போயிற்று, ஏனென்றால் ஒ என்ற எழுத்துக்கும் பக்கத்தில் ள வந்தால் ஔ என்று விதி.

இப்போது தோழர் எப்படி வேலை செய்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் பதறவில்லை. மூலக்கோப்பைத் தொடவே மாட்டார். பிரதி எடுத்து அதில்தான் எல்லாம். முதலில் பிழையைத் திரும்ப வரவழைத்தார். ஒரு தடவை வந்து காணாமல் போகிற பிழையைப் பிடிக்க முடியாது. பிறகு கட்டுரையைப் பாதியாக வெட்டினார். எந்தப் பாதியில் பிழை இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக. கடைசியில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. வெள்ளம். அதை மட்டும் மேசை மேல் வைத்தார். பிறகு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போகும்.

தீர்வு சின்னதுதான். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ, இகரக் குறியோ, வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ள என்ற எழுத்து. ஔகாரத்தின் வால் அல்ல. வெறும் மெய்யெழுத்து வந்தால்தான் ஔகாரம். இதைப் போட்டதும் வெள்ளம் வந்தது, வெளி வந்தது, தெளிவு வந்தது. பௌத்தம், மௌனம், சௌக்கியம், வௌவால் எல்லாம் சரியாகவே நின்றன. கட்டுரைகளை மாற்றினோம். தலையங்கங்களை மாற்றினோம். ஒரு கோளாறும் இல்லை.

பிறகு கதைகளைப் போட்டோம்.

ஒரு கதையில் ஒரு பொம்பளை, "வெளக்கு ஏத்தி வையி, நான் கெளம்புறேன்" என்கிறாள். எழுத்தை எண்ணிப் பாருங்கள். கொம்பு, வ, ள, அதற்குப் பின்னால் க். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறி இல்லை. வெறும் மெய்தான். விதிப்படி இது ஔகாரம். "வௌக்கு". "கௌம்புறேன்". "வெளஞ்ச நெல்லு" வௌஞ்ச நெல்லு ஆனது. "சோத்தக் கெளறு" கௌறு ஆனது. "ஒளறாத" என்பது ஔறாத ஆனது. "கெளவி" கௌவி ஆகிவிட்டாள். "கொளத்தாங்கரை" மட்டும் தப்பித்தது. கொம்புக்கும் ளகரத்துக்கும் நடுவில் ஒரு கால் நின்று காப்பாற்றியது.

இதில் ஆபத்து என்னவென்றால், இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளம் உடைந்தபோது புள்ளி தொங்கியது, பார்த்தோம். வெளக்கையும் வௌக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரிதான் இருக்கும். மெய்ப்புப் பார்க்கிறவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானில் கேட்டால் அந்த ஔகாரத்தைத்தான் கேட்பார். அந்தப் பொம்பளையின் குரல் அவருக்குக் கேட்காது.

ஏன் இப்படி ஆனது? விதி எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மனதில் வைத்திருந்தது எழுத்துத் தமிழ். எழுத்துத் தமிழில் விளக்கு, கிளம்பு, கிழவி, உளறு. அங்கே கொம்பே இல்லை, சிக்கலும் இல்லை. வாயில்தான் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. இலை எலையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, குளம் கொளமாகிறது. இதைக் கொச்சை என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் பாருங்கள், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போதுதான் இது நடக்கிறது. "இது" எது ஆவதில்லை. "குளிர்" கொளிர் ஆவதில்லை. "குளம்" கொளம் ஆகிறது. தாறுமாறான பேச்சுக்கு இத்தனை ஒழுங்கு இருக்காது. இதற்கும் இலக்கணம் இருக்கிறது. 

அடுத்த கேள்வி, சரி செய்வது எப்படி? எங்களில் ஒருவர் சொன்னார், "அகராதியைப் போடு. அகராதியில் இருக்கிற சொல்லாக வருகிற மாதிரி முடிவெடுக்கட்டும்." கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எந்த அகராதி? கெளம்பு என்ற சொல் பேரகராதியில் கிடைக்காது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அந்த மாதிரி ஊருக்கு ஒன்றா இருக்கிறது? இன்னொரு பயமும் உண்டு. சொல்திருத்தி என்று ஒன்றை இயக்கிவிட்டால், அது வெளக்கைச் சிவப்புக் கோடு போட்டு விளக்கு ஆக்கிவிடும். கதாசிரியர் போராடி உள்ளே கொண்டுவந்த பேச்சை, முப்பது வருஷம் கழித்து ஒரு நிரல் வெளியே அனுப்பிவிடும். அதையும் "திருத்தம்" என்று பதிவு செய்யும்.

இரண்டு ஞாயிறு இதிலேயே போனது. தோழர்தான் திருப்பிப் போட்டார். "நாம தப்பான பக்கத்துலேர்ந்து பட்டியல் போடுறோம்ணே" என்றார். தமிழில் ஔகாரம் வருகிற சொற்கள் எத்தனை? கௌரவம், கௌதமன், கௌரி, சௌகரியம், சௌக்கியம், சௌந்தரம், பௌத்தம், பௌர்ணமி, மௌனம், யௌவனம், வௌவால், ஔவை, ஔடதம் என்று ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். பாதிக்கு மேல் வடசொல். இதுவரை விதி என்ன சொன்னது? சந்தேகம் வந்தால் ஔகாரம், அப்படி இல்லை என்றால் நிரூபி. இதைத் தலைகீழாக்கினார். சந்தேகம் வந்தால் ள. ஔகாரம் என்றால் அது பட்டியலில் இருக்க வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டியது வெளக்கு இல்லை, கௌரவம்தான்.

எனக்கு இது சாதாரணத் தொழில்நுட்பத் தந்திரமாகத் தெரியவில்லை. யாரை இயல்பு என்று வைக்கிறோம், யாரை விதிவிலக்கு என்று வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணி முடிக்கக்கூடிய சொற்களைப் பட்டியலில் வை. ஜனங்கள் பேச்சை எண்ணி முடிக்க முடியாது, அதைத் திறந்து விடு.

அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சியது. கெளவி. "நாய் கௌவிக்கொண்டு ஓடியது" என்றால் அதுவும் தமிழ்தான், கவ்வுதல். இந்த இரண்டையும் நிரலால் பிரிக்க முடியாது. ஆகவே நிரல் இங்கே முடிவெடுப்பதில்லை. முன்வரி, பின்வரியோடு ஒரு தாளில் எடுத்து வைக்கிறது. அந்த வட்டாரப் பேச்சு தெரிந்தவர் பார்த்துச் சொல்கிறார். வங்கியில் இதை மேக்கர், செக்கர் என்போம். ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் பார்த்துப் பாஸ் பண்ண வேண்டும். சாஃப்ட்வேரிலும் அதே பழக்கம் இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று கணக்கு வைக்க கிட் என்ற கருவி இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. ஒரு எழுத்தை மாற்றினாலும் பெயரோடு பதிவாகும். எந்தப் பதிப்பாசிரியர் நம் எழுத்தில் கை வைத்தார் என்று தெரியாமல் தவித்த நமக்கு, இது பெரிய விஷயம்.

இன்னொரு பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதன் விளைவு பெரிசு. ரகரமும் காலும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். புள்ளி வைத்த ரகரத்துக்குப் பல எழுத்துருக்களில் காலையே போட்டுப் புள்ளி வைத்தார்கள். அச்சில் "அவர்" என்றுதான் தெரியும். நேராக மாற்றினால் அகரம், வகரம், கால், புள்ளி. காலுக்குப் புள்ளி வைக்கிற எழுத்து தமிழில் கிடையாது. ஆகவே கண்டுபிடிப்பது சுலபம், திருத்துவதும் சுலபம். காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அந்தக் காலை ரகரமாக்கு. ஒரு வரி விதி. ஆனால் பல இடங்களில் இதைக்கூடச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். பெயரில் "ர்" இருக்கிற ஒரு எழுத்தாளர். அவர் பெயரைத் தேடினால் அந்தப் பக்கம் வராது. இதழில் இருக்கிறார், அச்சில் இருக்கிறார், திரையில் கண்ணுக்கும் தெரிகிறார். தேடலில் மட்டும் இல்லை. நாளைக்கு ஆராய்ச்சி பண்ண வருகிற பிள்ளை, "தேடிப் பார்த்தேன், இவர் அந்தக் காலத்தில் எழுதியதாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போகும். யாரும் அவரை நீக்கவில்லை. ஒரு கால் அவரை நீக்கிவிட்டது. இதே மாதிரி எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழும், உகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் இரண்டும் கோப்புகளில் புகுந்து கிடக்கின்றன.

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் பேசுகிறோம். அந்த இயந்திரங்கள் எழுதி வைத்த எழுத்தைத் தின்றுதான் தமிழ் கற்கின்றன. பழைய எழுத்துருவில் கிடக்கிற கதையை அவை தமிழ் என்றே அறியாது. எம், கே, அரைப்புள்ளி என்றுதான் பார்க்கும். எது மாற்றப்பட்டிருக்கிறதோ அதுதான் தமிழ். அதில் வெளக்கு இல்லாவிட்டால், வெளக்கு தமிழில் இல்லை.

தோழரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிழையைத் தீர்த்ததும் அவர் அதோடு விடமாட்டார். அந்தச் சொல்லை ஒரு சோதனைக் கோப்பில் எழுதி வைப்பார். அடுத்து யார் நிரலில் என்ன மாற்றம் செய்தாலும், முதலில் அந்தக் கோப்பு முழுவதும் ஓடி எல்லாம் சரியாக வர வேண்டும். ஒன்று தவறினாலும் மாற்றம் உள்ளே போகாது. ஏனென்றால் புதுப் பிழையைத் தீர்க்கப் போய்ப் பழைய பிழையை எழுப்பிவிடுவது ரொம்பச் சாதாரணம். எங்கள் சோதனைக் கோப்பில் இன்றைக்கு வெளக்கு இருக்கிறது, கெளம்பு இருக்கிறது, ஒளறு இருக்கிறது. ஒரு தடவை விட்டுப்போனவர்கள் இரண்டாம் தடவை விட்டுப்போகாமல் இருக்க ஒரு ஏற்பாடு. இயக்கங்களுக்கும் இப்படி ஒரு சோதனைக் கோப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது.

வீட்டில் பரணில் பழைய பிளாப்பி, சி.டி. இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யு.எஸ்.பி. வழியாகப் படிக்கிற பிளாப்பி டிரைவ் இருக்கிறது. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டிசைனின் சி.எஸ். 6 வரைக்கும் அந்தக் கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பிந்திய பதிப்புகள் திறக்காது. ஆகவே அந்தப் பழைய மென்பொருள் ஓடுகிற கணினி எந்த டி.டி.பி. கடையில் இருந்தாலும் அந்தக் கடைக்காரரிடம் பேசி வையுங்கள்.

கோப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதாது, எழுத்துரு கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். சாவி அதுதான். அது தொலைந்துபோயிருந்தால் அச்சான இதழ் ஒன்று வேண்டும். ஒரு பக்கத்தை இதழிலும், அதே பக்கத்தைக் கோப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட்டுவிடலாம். கல்வெட்டுப் படிக்கிற மாதிரிதான். ஒரு ராத்திரி வேலை.

கோப்பே இல்லை, தாள்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் பண்ணுங்கள். டெசராக்ட் என்று ஒரு இலவச நிரல் தமிழ் அச்சைப் படிக்கும். பிழையோடு படிக்கும், பரவாயில்லை, படத்தைக் கூடவே வைத்திருந்தால் பிறகு திருத்தலாம். மதுரைத் திட்டம் 1998இல் தன்னார்வலர்களை வைத்தே ஆரம்பித்தது. முதலில் திஸ்கியில் போட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஈழத்து எழுத்துக்களுக்கென்று நூலகம் திட்டம் 2005இல் தொடங்கி நடந்துவருகிறது. முடியாத வேலை இல்லை. ஆள்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. "சிஸ்டம் எடுக்கல" என்று யார் சொன்னாலும், கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து நானே சொன்னாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் எடுக்கல? என்ன கொடுத்தால் எடுக்குது? அந்த விதியை யார் போட்டது? மூன்றாவது கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேள்வி எழுத்தில் வந்தால் மேலே அனுப்பியாக வேண்டும்.

இந்தத் தாள்களைச் சுற்றுக்கு விடுகிறேன். நிரல் முடிவெடுக்காமல் எடுத்து வைத்த வரிகள் இவை. திருநெல்வேலிப் பேச்சு இருக்கிறது, தென்னாற்காட்டுப் பேச்சு இருக்கிறது, கொங்குப் பேச்சு இருக்கிறது. உங்கள் ஊர்ச் சொல் என்றால் பக்கத்தில் ள என்றோ ஔ என்றோ எழுதி, கீழே உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு என்னிடம் இருக்கிறது.